பிலோமினா அக்காவின் பிரிண்டர்

"ஒரு தாள் எடுக்க இருபது நிமிஷமா, அக்கா? லோரி வெளியே நிக்குதுலா!"

"இரு தம்பி, வருது," என்றாள் பிலோமினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விமலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஏற்றுமதி இறக்குமதி ஆபீசில் ஏழு கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர். அதன் வயர் பிலோமினாவின் கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. யார் கஸ்டம்ஸ் பாரத்தைப் பூர்த்தி செய்தாலும் அவளுக்கு அனுப்பிவிட்டு அவள் மேசை முன்னால் காத்து நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷம். இவனுக்கு மட்டும் இருபது. தன் மேல் அவளுக்கு ஏதோ வன்மம் என்றே நினைத்தான்.

"பட்டன அழுத்துறதுக்கு ஒரு சம்பளம்," என்று அவள் காதில் விழும்படியே சொல்லுவான். அவள் திரையைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் முதலாளி திருச்செல்வத்திடம் போய் நின்றான். "நெட்வொர்க் பிரிண்டர் வாங்குங்க பாஸ். நானே செட் பண்ணித் தரேன். யாரும் யாரையும் கெஞ்ச வேணாம்."

வெள்ளிக்கிழமை பிரிண்டர் வந்தது. விமலன் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து டிரைவரை ஏற்றி, பிரிண்டரின் ஐபி எண்ணைத் தட்டி, சோதனைத் தாள் எடுத்தான். ஆறு கம்ப்யூட்டர், ஆறு தாள். ஆபீசே கை தட்டியது. பிலோமினாவின் கம்ப்யூட்டரை மட்டும் வேண்டுமென்றே கடைசிக்கு விட்டுவைத்தான்.

"அப்போ பிலோமினாவுக்கு இங்க என்ன வேல?" என்றார் திருச்செல்வம்.

விமலன் உதட்டைப் பிதுக்கினான். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி முதலாளி பிலோமினாவிடம் சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் இனி யார் வேலை தருவார்கள்?

செவ்வாய்க்கிழமை துறைமுகத்திலிருந்து போன். விமலன் நேரடியாக எடுத்து அனுப்பிய முதல் பாரத்திலேயே எடை தப்பு. கன்டெய்னர் நின்றுவிட்டது.

"ஆறு வருஷமா உன் பாரத்துல ஒரு தப்பு வந்ததில்லயேடா," என்றார் திருச்செல்வம். "பந்திங் பிராஞ்ச்ல சுகுமாறன ரெண்டு தப்புக்கே வீட்டுக்கு அனுப்பினேன். உனக்கு என்ன ஆச்சு?"

"பிரிண்டர் புதுசு பாஸ்…"

அவர் யோசித்தார். "பிலோமினா நடுவுல வேற ஏதாச்சும் வேல பார்த்தாங்களா? கேட்டா சிரிக்கிறாங்க, வாயத் திறக்கல. அவங்க கம்ப்யூட்டர பார்த்துச் சொல்லு. வேற வேல பார்த்திருந்தா அவங்கள அனுப்ப வேணாம், இருக்கட்டும்."

பிலோமினா சாப்பிடப் போயிருந்த நேரம் விமலன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

'விமலன்' என்று ஒரு ஃபோல்டர். வேறு யார் பெயரிலும் இல்லை. உள்ளே ஆறு வருஷத்துப் பாரங்கள், ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக. ஒன்று அவன் அனுப்பியது. அடுத்தது எடையையும் பெட்டி எண்ணிக்கையையும் அவள் திருத்தியது. நாலாயிரம் கிலோவை நாற்பதாயிரம் என்று அவன் தட்டிவிட்டதுகூட இருந்தது.

இருபது நிமிஷம் எங்கே போனது என்று இப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

ஃபோல்டரை அழித்தான். அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் காலி செய்தான். பிறகு புது பிரிண்டரை அந்தக் கம்ப்யூட்டரிலும் இணைத்து, சோதனைத் தாளோடு முதலாளி அறைக்குப் போனான்.

"அக்கா கம்ப்யூட்டரும் ரெடி பாஸ். நல்லாத் தேடிட்டேன். சும்மா பட்டன்தான் அழுத்தியிருக்காங்க."