வேறு ஆள் கூடாது

தேர்வு முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது தகரக் கூரையில் மழை இறங்கியது.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த சங்கவி நிமிர்ந்தாள். அப்பா வெளியே இருந்தார்.

வெளியே என்றால் சுவரை ஒட்டி நிற்கும் பாதாம் மரத்தடியில், சக்கர நாற்காலியில். அவள்தான் காலையில் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவந்தாள். வேறு என்ன செய்வாள்? இந்தத் தீவில், மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் அவர்களுக்கு இருப்பதே ஒரு அறை. தேர்வு எழுதும் அறையில் வேறு ஆள் கூடாது. ஜன்னல் வழியாகக்கூடத் தெரியக் கூடாது. தொடங்கும் முன்பே லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டச் சொன்னது தேர்வைக் கண்காணிக்கும் அந்தச் சனியன் பிடித்த சாஃப்ட்வேர்.

எங்கோ கடல் தாண்டி இருக்கிற பல்கலைக்கழகம். வீட்டைவிட்டு நகராமலே வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நகராமலே என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சங்கவி விண்ணப்பித்தாள். போன வருடம் சென்னையில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று விட்டவள். அப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

இதில் தேறினால் கட்டணம் கிடையாது. தீவுகளுக்கென்று ஒரே ஒரு இடம். தவறினால் மறுபடி எழுதவும் முடியாது.

அம்மா புஷ்பம் படகுத்துறை கேன்டீனுக்கு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, இந்தி கலந்த தீவுத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"எக்ஸாம் கதம் ஆனதும் அப்பாவ உள்ள கூட்டிட்டு வந்துரு பேட்டா. மறந்துறாத."

சங்கவியும் அப்பாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். நடுவில் எழுந்தால் அவ்வளவுதான், தேர்வு ரத்து. அப்பா விஜயராஜ் கண்ணை மூடித் திறந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரு சொல் வந்ததில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

மழை வலுத்தது.

வந்த வேகத்தில் போய்விடும், நம் ஊர் மழை அப்படித்தான் என்று நினைத்தாள். மெயின்லேண்டில் பிறந்தவளாக இருந்தால் பயந்துபோய் அப்போதே எழுந்திருப்பாள். இங்கேயே பிறந்தவள். அதனால் உட்கார்ந்திருந்தாள்.

மழை போகவில்லை.

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். பார்வையைத் திரையில் வைக்கவும் என்று மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்தது. பொறுக்க முடியாமல் பாதி எழுந்தாள். இருக்கையில் அமரவும் என்று சிவப்பாக வந்தது. அடுத்தது ரத்துதான்.

உட்கார்ந்தாள்.

கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுவதற்கு மட்டும் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

கூரை போட்ட இரைச்சலில் சொந்த மூச்சுகூடக் கேட்கவில்லை. வெறி பிடித்தவள் மாதிரி விடைகளை அழுத்தித் தள்ளினாள். கடைசிக் கேள்வியை முடித்துச் சமர்ப்பித்த கையோடு வெறுங்காலில் வெளியே ஓடினாள்.

அப்பா தொப்பலாக நனைந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. குளிரில் தாடை கிடுகிடுவென்று ஆடியது. ஐயோ, பெற்ற அப்பனை இப்படியும் ஒருத்தி மழையில் விடுவாளா? உள்ளே தள்ளிவந்து தலையைத் துவட்டினாள். அம்மாவின் சேலைகளை எடுத்து உடம்பெல்லாம் சுற்றினாள். எல்லாம் உனக்காகத்தான் அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். வெட்கமாக இருந்தது.

அதற்குள் திரையில் முடிவு வந்திருந்தது.

தேர்வு ரத்து. வேறு ஒருவரின் குரல் பதிவாகியுள்ளது.

சங்கவிக்கு ரத்தம் கொதித்தது. யார் குரல்? இந்த வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்? மழைச் சத்தத்தைக் குரல் என்கிறார்கள் பாவிகள். அவர்கள் ஊரில் தகரக் கூரையே கிடையாதா?

கீழே ஆதாரம் என்று ஒரு ஒலிப்பதிவை வைத்திருந்தார்கள். அழுத்தினாள்.

பதிவில் மழையே இல்லை. கெட்டிக்கார சாஃப்ட்வேர். மழையை மொத்தமாகக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தது.

"எந்... எந்திரிக்காத... சங்கவி... எந்திரிக்காத..."

திரும்பிப் பார்த்தாள்.

அப்பா நடுங்கிக்கொண்டே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் குரலைக் கேட்டதும் அவர் முகத்தின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது.