சிமெண்டுத் தரையில் ஓர் ஆறு

மதியம்தான், ஆனாலும் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய வகுப்பறை குகைபோல் இருண்டு கிடக்கிறது. பழைய பிலிம் புரொஜக்டர் கடகடத்தபடி தாமிரபரணியைச் சிமெண்டுத் தரையில் ஓடவிடுகிறது. டேப்ரெக்கார்டரில் ஜெமிமா டீச்சரின் குரல், அக்கரையிலிருந்து மகனைக் கூப்பிடும் தாயாக: “ஏலே, வந்திருலே!” நாளைக்குப் பள்ளிக் கண்காட்சி; அந்தத் தாய் யார், எதற்குக் கூப்பிடுகிறாள் என்று கதை கட்ட முடியாமல் ஜெமிமா பென்சிலைக் கடிக்கிறாள். மின்விசிறி மாட்ட வந்த மூக்காண்டி அண்ணாச்சி வாசலிலேயே திகைத்து நிற்கிறார். செருப்பைக் கழற்றுகிறார். வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, ஓடும் வெளிச்சத்தில் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு பைய இறங்குகிறார். ஜெமிமா பென்சிலை வாயிலிருந்து எடுக்கிறாள். “அந்தம்மா எம்புட்டு நேரமா கூப்பிடுதாவ, டீச்சர்?” என்கிறார் அவர். “நாப்பது வருசமா, அண்ணாச்சி” என்று அவள் வாய் தானாகச் சொல்கிறது; பென்சில் அதையே கதையின் முதல் வரியாக எழுதுகிறது.