முன்னால் போகிறவன்

டயாலிசிஸ் செய்துகொள்ளும் பிள்ளைகளுக்கு நிதி திரட்ட நெல்லூர் வரை சைக்கிளில் போவதென்று, ஸ்டீல் ஆலையில் வேலை செய்யும் ரகுவும் அன்புராஜும் பேர் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு காலைதோறும் கும்மிடிப்பூண்டியிலிருந்து புதுவாயல் வரை பழகினார்கள். எதிர்க்காற்றை முன்னால் போகிறவன் வாங்கிக்கொள்வான். ஒரு முழம் விட்டுப் பின்னால் ஒட்டி வருகிறவனுக்குப் பாதி பலம் போதும். கவரப்பேட்டை வந்ததும் முன்னவன் தன் இடுப்பில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு ஒதுங்கிப் பின்னால் வருவான். மற்றவன் முன்னால் போவான்.

போன மாதம் அன்புராஜ் தட்டியபோது ரகு மறுத்துவிட்டான். "மச்சான், கால் கடுக்குது. இன்னிக்கு புதுவாயல் வரிக்கும் நீயே போய்க்கினு இரு."

அன்புராஜ் சிரித்துக்கொண்டே போனான். புதுவாயல் கூட்டுரோட்டில் திரும்பிய லாரி, முன்னால் வந்தவனை அடித்துப் போட்டது. அன்புராஜ் அங்கேயே செத்துப்போனான். ரகுவுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

இன்று மறுபடி சைக்கிளை எடுத்தான்.

"இன்னும் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றாள் மனைவி காயத்ரி.

"ரெண்டு பேரும் பேரு குடுத்துக்கிறோமே."

நெடுஞ்சாலையில் தென்காற்று எதிரே பலமாக அடித்தது. ஓரத்து வேலிக்காத்தான் வளைந்து ஆடியது. ரகுவின் சட்டை மட்டும் அசையவில்லை. மிதிப்பது சுலபமாக இருந்தது. முன்சக்கரத்துக்கு எதிரே வெறும் ரோடுதான். ஆனாலும் யாரையும் இடித்துவிடாதபடி ஒரு முழம் விட்டே போனான்.

கவரப்பேட்டை வந்தது. துணியில் கை படும் சத்தம் ரெண்டு தரம் கேட்டது. அடுத்த நொடி, காற்று அவன் நெஞ்சில் ஓங்கி அறைந்தது. பின்னால், ஒரு முழத்தில், இன்னொரு செயின் ஓடியது.

ரகு நிற்கவில்லை, குனிந்து மிதித்தான். புதுவாயல் கூட்டுரோட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது.