குறட்டைக்கு ஒரு கடிவாளம்

“கீழ்த்தாடையக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டாங்கண்ணே. இன்னுங் கொஞ்சம்... போதும். இப்பக் கடிங்க. நான் இருபது எண்ணுற வரைக்கும் விடக் கூடாது.”

மரிய ஜெரால்டு கடித்தார். வெந்நீரில் போட்டு எடுத்த ரப்பர் மாதிரியான அந்தப் பொருள் இளஞ்சூட்டோடு பற்களில் அப்பிக்கொண்டது. எச்சில் வழிந்து சட்டையில் சொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

காரைக்குடி ரயில் நிலையத்தில் அவர் பார்சல் கிளார்க். பள்ளிக்கூடத்துக்கு வந்த ஹாக்கி மட்டைகளை எடுக்கப்போன பி.டி. மாஸ்டர் உதயகுமாரிடம் பேச்சுவாக்கில் தன் குறட்டையைப் பற்றிப் புலம்பியிருந்தார். அதை மனதில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார் மாஸ்டர்.

“பத்தொம்பது, இருபது. எடுங்க.”

வாயிலிருந்து எடுத்ததைப் பச்சைத் தண்ணீரில் முக்கினார் உதயகுமார். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று. கத்தியை அடுப்பில் காட்டி, இரண்டுக்கும் நடுவில் ஓட்டி ஒட்டவைத்தார்.

“என்ன மாஸ்டர் இது, குதிரைக்குக் கடிவாளம் மாதிரி இருக்கு?”

“ஹாக்கி வெளையாடுற பிள்ளைக பல்லு உடையாம இருக்க மாட்டுற மவுத்கார்டுண்ணே. ரெண்டையும் ஒட்டிட்டா தாடை பின்னுக்குச் சரியாது. சரிஞ்சு தொண்டைய அடைக்கிறதுனாலதான் குறட்டையாம். ஹாஸ்டல்ல என் கூட இருந்தவனுக்கு ஒரு பல் டாக்டர் இப்படித்தான் செஞ்சு குடுத்தாரு.”

“மதுரையில குறட்டைக்கு வைத்தியம் பாக்க ஆயிரத்தைநூறு கேட்டாக மாஸ்டர்.”

“இது எழுபது ரூபாய்க்குள்ள முடிஞ்சுருச்சு. ஆனா ஒண்ணு, தாடை வலிச்சாக் கழட்டிப்புடுங்க. ஒத்துவரலைன்னா டாக்டரத்தான் பாக்கணும்.”

ஜெரால்டு தலையாட்டினார்.

“எனக்காக இல்ல மாஸ்டர், என் வீட்டுக்காரி ஷீலாவுக்காகத்தான். மூணாங்கிளாஸ் டீச்சர் அவ. பாடம் நடத்துறப்பவே உக்காந்தபடிக்குத் தூங்கிடுறாளாம். பெரிய டீச்சர் ரெண்டு மெமோ குடுத்துட்டாக. இன்னொருக்கா தூங்குனா வேலையே போயிரும். ராத்திரிக்கு நாலு தடவ, அஞ்சு தடவ என்னையத் தட்டி உசுப்புறா. ‘அங்குட்டுத் திரும்பிப் படுங்க’ம்பா. எனக்கும் ஆத்திரமா வரும். எரிஞ்சு விழுந்துருக்கேன்.”

“நீங்க தனியாப் படுத்துக்கிற வேண்டியதுதானண்ணே?”

“படுத்தேனே! முன் ரூம்ல போயிப் படுத்தா, பாயச் சுருட்டிக்கிட்டுப் பின்னாலயே வந்துட்டா. ‘என் சத்தத்தையும் கேக்க முடியல, என்னைய விட்டுட்டு இருக்கவும் முடியலயா ஒனக்கு’ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. வேற யாரா இருந்தாலும் எப்பவோ அம்மா வீட்டுக்குப் போயிருப்பாக மாஸ்டர்.”

உதயகுமார் அந்தக் கார்டை ஒரு சோப்பு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார். ஜெரால்டு டப்பாவோடு சேர்த்து அவர் கையையும் பிடித்துக்கொண்டார்.

“எங்கள மாதிரி ஆளுகளுக்கு யாரு இம்புட்டு மெனக்கெடுவாக? இன்னைக்கு அவ நிம்மதியாத் தூங்கிட்டான்னா, ஆயுசுக்கும் ஒங்கள மறக்க மாட்டேன்.”

மறுநாள் காலையில், யாரும் தட்டி எழுப்பாமல் தானாகவே கண் விழித்தார் ஜெரால்டு. ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் விழுந்தது. தலை பாரம் இல்லை. உடம்பு இறகு மாதிரி இருந்தது. வாய்க்குள் கார்டு அப்படியே இருந்தது.

சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ஆரோக்கிய ஷீலா. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ராத்திரி முழுவதும் இமை மூடாத முகம்.

அவசரமாகக் கார்டைக் கழற்றினார்.

“போச்சா? குறட்டை நிக்கலையா?”

“நின்டுருச்சுங்க. ஒரு சத்தமும் இல்ல.”

“பெறகு ஏன் நீ தூங்கல?”

ஷீலா அவர் கையிலிருந்த கார்டை வாங்கி, கோயிலில் மந்திரித்த பொருளைப்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொலபொலவென்று கண்ணீர் இறங்கியது.

“அந்த மாஸ்டரு பிள்ளகுட்டிகளோட நல்லா இருக்கணும்.”

“அட, அழுகாம சொல்லு ஷீலா. குறட்டைதான் நின்டுருச்சே!”

“ஒங்க குறட்டை என்னைய என்னைக்குங்க எழுப்புச்சு? அது சட்டுன்னு நிக்கும்பாருங்க, அப்பத்தான் பதறி எந்திரிப்பேன். அதோட சேந்து ஒங்க மூச்சும் நின்டுரும். தட்டி உசுப்புனாத்தான் திரும்ப வரும். சொன்னா, பயத்துல நீங்க கண்ண மூட மாட்டீகளேன்னு பன்னெண்டு வருஷமா சொல்லல. நேத்துத்தான் மூச்சு ஒருக்காக்கூட நிக்கல... நம்ப முடியாம, விடிய விடியக் காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”