மணிப்புறாவும் ஃபேனும்

பூனையிடமிருந்து தப்பி, அடிபட்ட சிறகோடு வந்த மணிப்புறாவைத் தில்லைநாயகி வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதற்காகவே, அந்தக் கத்திரி வெயிலிலும் கூடத்து ஃபேனைப் போடாமல் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டாள்.

சிறகு ஆறியதும் புறா முதன்முதலாகப் பறந்துபோய் உட்கார்ந்தது அந்த ஃபேனின் மேல்தான்.

"இங்கே உட்காராதே தாயி," என்றது ஃபேன். "சுவிட்சைப் போட்டுவிட்டால் எனக்கு ஆள் தெரியாது."

"உனக்கா? இந்த வீட்டிலேயே பரம சாது நீதான்," என்று சொல்லிப் புறா கண்ணை மூடிக்கொண்டது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "யப்பா, என்ன புழுக்கம்!" என்றபடி உள்ளே வந்த நாத்தனாரின் கை நேரே சுவிட்சுக்குப் போயிற்று.

"மதினி, போடாதீங்க!" என்று தில்லைநாயகி அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் ஃபேன் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"நான்தான்! நான்தான்!" என்று புறா அலறியது. ஃபேன் காதிலேயே வாங்கவில்லை. வால் இறகு இரண்டைப் பறிகொடுத்துவிட்டுப் புறா ஜன்னல் கம்பிக்குத் தாவியது.

தில்லைநாயகி சுவிட்சை அணைத்தாள். ஃபேன் மெல்ல மெல்லச் சுழன்று நின்றது.

"என்ன ஆச்சு தாயி? ஏன் இப்படி நடுங்குகிறாய்?" என்று பழைய குரலிலேயே கேட்டது.

புறா அதைப் பார்க்கவில்லை. சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தது.