கானுக்குள் அரபுத் தாள்

“பைக்குள்ள என்னத்த ஒளிக்கிறாய்? காட்டு பார்ப்பம்!”

செய்னுலாப்தீன் ஹாஜியார் கடைப்படியில் நின்று போட்ட சத்தத்தில் தில்லையடிச் சந்தியில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வீதியோரக் கானுக்குள் சேற்றில் நின்று குப்பை அள்ளிக்கொண்டிருந்த அருமைநாயகம், தள்ளுவண்டிக் கைப்பிடியில் தொங்கிய சொப்பிங் பையைச் சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதுதான் வினையாகிப் போனது.

ஹாஜியாருக்கு விடியற்காலையிலிருந்தே கோபம். அடித்த மழையில் கடைக்கூரைப் பீலி கொட்டிய தண்ணீர், கான் அடைத்துக் கிடந்ததால் திரும்பிக் கடைக்குள் வந்து ஒரு மூட்டைச் சீனியை நனைத்துவிட்டது. பீலியிலிருந்து விழும்போது அதே தண்ணீரை வாளி வைத்துப் பிடித்துத் தேத்தண்ணீர் போடுவார். கானுக்குள் இறங்கிவிட்டால் அது நகரசபைக்காரன் பாடு.

“ஒண்டுமில்ல ஹாஜியார். குப்பதான்.”

“குப்பைய வண்டிக்குள்ளதானே போடணும்? தனியா ஏன் தொங்குது? எண்ட கடைச் சாமானா?”

“ஐயோ, சத்தியமா இல்ல.”

“இல்லெண்டா காட்டு!”

அவர் காட்டவில்லை. ஹாஜியார் இறங்கி வந்து பறித்தார். இழுபறியில் பை கிழிந்தது. உள்ளே நாலைந்து ஈரத்தாள்கள். சேற்றுக்கு நடுவே வரிவரியாக அரபெழுத்து.

“யா அல்லாஹ்!”

ஒரு தாளை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, முத்தமிட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார் ஹாஜியார். கூரையில் ஒரு கான், வீதியில் ஒரு கான். மூன்றாவது அப்போதுதான் திறந்தது. பள்ளிவாசல் தலைவரான அவரின் வாயிலிருந்து ஓடியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

“வேதத்தக் கானுக்குள்ள போட்டு மிதிச்சிட்டு நிக்கிறானே, பாருங்க!” என்று முடித்தார்.

கூட்டம் கூடிவிட்டது. த்ரீவீல்காரர் ரிப்கான் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அது கைக்குக் கை மாறியது. எழுத்துக்கூட்டி வாசிக்க எல்லோருக்கும் வந்தது. பொருள்தான் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததால் மரியாதை இன்னும் கூடியது.

“இது குர்ஆன்ல எந்த சூறா ஹாஜியார்?”

“எந்த சூறாவா இருந்தா என்ன? அல்லாஹ்ட பேச்சுத்தானே!”

ஹாஜியார் போனை எடுத்தார்.

“சபைக்கு இப்பவே சொல்றன். அடுத்த மாசம் உன்ன நிரந்தரமாக்கப் போறாங்களாமே? நிரந்தரமா வீட்டுல இரு!”

அருமைநாயகத்துக்கு முகம் செத்துப்போயிற்று. பதினொரு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. அந்த நியமனக் கடிதம் வரும், வரும் என்று அவரும் மனைவி மாக்கிறட்டும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்க அருமைநாயகம், இது எப்படி உங்கட பைக்குள்ள வந்திச்சி?” என்றார் ரிப்கான்.

அருமைநாயகம் ஹாஜியாரை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“பாத்தீங்களா முழிய?” என்றார் ஹாஜியார்.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரத்தோடு புறப்பட்ட நௌஃபர் மௌலவி, கூட்டத்தைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். தாளை வாங்கிப் பார்த்தவரின் உதடு லேசாகத் துடித்தது.

“சத்தமா ஓதுங்க ஹஸரத். ஊரே கேக்கட்டும்” என்றார் ஹாஜியார்.

“ஓதவா? தமிழ்லயே சொல்றன். ‘முதல்தரப் பேரீத்தம்பழம். வெயில் படாத இடத்தில் வைக்கவும். கழுவிய பின் உண்ணவும்.’”

முதலில் ரிப்கான் சிரித்தார். பிறகு சந்தியே சிரித்தது.

“பழப் பெட்டிக்குள்ள விரிச்சி வார தாள் ஹாஜியார். இந்தச் சந்தியில பெட்டி உடைச்சி விக்கிறது உங்கட கடை மட்டும்தான்” என்றார் மௌலவி.

ஹாஜியாருக்கு எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. முத்தமிட்ட வாயல்லவா!

மௌலவி அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார். “பழைய குர்ஆன் தாள் போட பள்ளிவாசல்ல ஒரு பெட்டி வெச்சிரிக்கம். ஆறு மாசமா அதுக்குள்ள இந்தத் தாள்தான் விழுது. கழுவி, காயவெச்சி, அழகா மடிச்சி. எந்தப் பைத்தியம் போடுதெண்டு நாங்க சிரிப்பம். நீங்களா?”

“ஓம் மௌலவி. எனக்கு அந்த எழுத்து தெரியாது. உங்கட வேதமெண்டு நினைச்சன். மிதிபடக் கூடாதே.”

சிரிப்பு நின்றுவிட்டது. சிரித்தவர்களுக்கு வெட்கமாக இருந்தது. ஹாஜியார் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். குரல் இறங்கியிருந்தது.

“இத முதலே சொல்லியிரிக்கலாமே அருமைநாயகம். நான் அவ்வளவு ஏசினன். வேலையே போகப் பார்த்திச்சி. ஏன் வாயத் திறக்காம நிண்டீங்க?”

அருமைநாயகம் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். பிறகு ஹாஜியாருக்குப் பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“விடியக்காலையில கடையக் கூட்டி நீங்கதானே இதெல்லாம் கானுக்குள்ள தள்ளுறீங்க, நான் பார்த்திரிக்கிறன். பள்ளிவாசல் தலைவரே வேதத்தக் கானுக்குள்ள போடுறாரெண்டு சனத்துக்குத் தெரிஞ்சிரிந்தா, உங்கட மரியாத என்னாகியிரிக்கும் ஹாஜியார்?”