வேகம் வராத கார்டு

"என்னம்மா இது? பழசோட சேர்த்துப் புது கிராபிக்ஸ் கார்டும் மாட்டியாச்சு. கம்ப்யூட்டர் படத்தை உருவாக்கித் தர்ற ரெண்டரிங் இன்னும் நத்தை மாதிரி நகருதே!" அனிமேஷன் ஸ்டூடியோ முதலாளி எரிந்து விழுந்தார்.

எல்லோரும் 'ரெண்டர் அக்கா' என்று கூப்பிடுகிறவள் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "விளம்பரத்துல ஆயிரம் சொல்லுவாங்க சார்."

"வேற ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"எல்லாம் பார்த்தாச்சு சார். கார்டே அவ்வளவுதான்."

முதலாளி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை நம்பித்தான் முழுநீளப் படம் ஒண்ணு பேசி வெச்சிருந்தேன். இன்னும் நாலு பேரைச் சேர்க்கலாம்னு இருந்தேன். நம்ம வேகம் பத்தாதுன்னு காலையில அந்தப் படம் வேற ஸ்டூடியோவுக்குப் போயிடுச்சு. இனி இழுத்து மூட வேண்டியதுதான்."

அக்கா இப்போதுதான் திரையிலிருந்து தலையைத் திருப்பினாள்.

வேகம் கூடினால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்து, புது கார்டு வந்த அன்றே செட்டிங்கில் அதை அணைத்துவிட்டு, பழையதை மட்டும் ஓடவிட்டிருந்தவள் அவள்தான்.